ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்

பூங்குழலி அந்த ஃபோல்டரை அழித்தது ஒரு புதன்கிழமை மதியம். அடுத்த திங்கட்கிழமை ப்ராஜெக்ட் வைவா.

பெரம்பலூரில் அவள் படித்த கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடத்தில் முப்பத்திரண்டு பேர். லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர் பதினாறு. இருவருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் நம்பரில் காலையில் கலியம்மாள், மதியம் பூங்குழலி. இடையில் முதலாண்டுப் பிள்ளைகளும் வந்து எதையாவது சேமித்துவைத்துவிட்டுப் போவார்கள்.

பூங்குழலியின் ப்ராஜெக்ட் அவள் செய்ததல்ல. அவர்கள் வகுப்பில் பாதிப் பேர் செய்கிற மாதிரி அவளுக்கும் வெளியில் செய்து வாங்கலாம் என்று செந்துறையில் வீட்டில் இருந்த அண்ணன் முடிவெடுத்து, திருச்சியில் ஒரு சென்டரில் சொல்லி, சி.டி.யில் வாங்கி வந்திருந்தான். ஆஸ்பத்திரி நிர்வாகம். திரைக்குத் திரை படங்கள். அதை ஏற்றப்போனபோது இடமில்லை என்று செய்தி வந்தது. எதை எடுக்கலாம் என்று தேடினாள். ‘பிபி’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்து பார்த்தாள். ஏ1, ஏ2, டி1 என்று என்னென்னவோ பெயர்கள். முதலாண்டுக் குப்பை என்று நினைத்து, திரும்ப எடுக்க முடியாதபடி ஷிஃப்டையும் டெலிட்டையும் சேர்த்து அழுத்தினாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கலியம்மாள் அப்போது பக்கத்து நூலகத்தில்தான் இருந்தாள்.

மறுநாள் காலை பூங்குழலி வந்தபோது கலியம்மாள் லேப் வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் நின்றிருந்தாள்.

“என் ப்ராஜெக்ட்டக் காணும்டி. மொத்தமா போயிருச்சு.”

பெரம்பலூர் பஸ் என்பதைத்தான் அவள் பிபி என்று சுருக்கியிருந்தாள். பதினொரு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்று, எந்த ஊருக்கு எந்த நேரத்தில் எந்த வண்டி என்று நோட்டில் எழுதியவள் அவள். புறப்படும் ஊரையும் போக வேண்டிய ஊரையும் அடித்தால், எங்கே இறங்கி எந்த பஸ் மாறணும் என்று அது சொல்லும். அரும்பாவூரில் தமிழில் பிளஸ் டூ முடித்து வந்த பெண் மூன்று வருடத்தில் தானாகக் கற்றுக்கொண்டு எழுதியது. இன்னொரு பிரதி வைத்திருந்த ஃப்ளாப்பியை எந்த மெஷினில் போட்டாலும் படிக்க முடியவில்லை என்றே வந்தது.

துறைத்தலைவர் மேடம் நம்பவில்லை. “செய்யாதவங்க எல்லாம் கடைசி நேரத்துல இதத்தான் சொல்றீங்க” என்றார். கலியம்மாள் அழுதாள். தான் அழித்தது எது என்று பக்கத்தில் நின்ற பூங்குழலிக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

மேடம் போனதும் லேப் பொறுப்பாளர் திருமுருகனிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வேற யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல சார்.”

“சொல்லாத. சொன்னா லேப்ல ஏன் பேக்கப் எடுக்கலன்னு என்னையக் கேப்பாங்க. வெளி சி.டி. எப்படி உள்ள வந்துச்சுன்னு உன்னையக் கேப்பாங்க. அப்புறம் உன் ப்ராஜெக்ட்ட யார் செஞ்சாங்கன்னு கேப்பாங்க. தேவையா?”

தேவையில்லை என்று அவளுக்கும் தோன்றியது. அந்த நிம்மதிதான் பிற்பாடு அவளை அதிகம் அறுத்தது.

அன்றே கலியம்மாளிடம் போய், “நீ சொல்லு, நான் டைப் அடிக்கிறேன். திரும்ப எழுதிறலாம்” என்றாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் இருவரும் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தார்கள். கலியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வரிவரியாகச் சொன்னாள். தப்பாக அடித்தால் திரையைப் பார்க்காமலே கண்டுபிடித்தாள்.

“இரு, இரு. நேரா பஸ் இருக்கான்னு மொதல்ல பாக்கணும். இல்லன்னாத்தான் மாறுற ஊரத் தேடணும். அரும்பாவூர்லேர்ந்து உங்க செந்துறைக்கு நேரா வண்டி கெடயாதுல்ல? பெரம்பலூர்ல ஒருதரம், அரியலூர்ல ஒருதரம் மாறணும். அத அதுவே கண்டுபிடிக்கணும்.”

மூன்று வருடம் மனப்பாடம் செய்து எழுதிய பாடம் பூங்குழலிக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்க விளங்க, எதை அழித்தோம் என்பதும் விளங்கியது. ஒவ்வொரு மாலையும் சொல்லிவிட நினைத்தாள். ஒவ்வொரு மாலையும் கலியம்மாள், “நீ இல்லன்னா நான் செத்தேன்டி” என்றாள்.

நேரடி பஸ் பகுதி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருந்ததால் மாறிப் போகும் பகுதிக்கு நேரம் போதவில்லை.

திங்களன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பூங்குழலியிடம் தேடல் எப்படி நடக்கிறது என்று கேட்டார். கலியம்மாள் சொல்லிக்கொடுத்ததையே ஆஸ்பத்திரிக்குப் பொருத்திச் சொன்னாள். “வெரி குட்” என்றார். கலியம்மாளின் திரையைப் பார்த்து, “பாதிதானேம்மா இருக்கு?” என்றார்.

“முழுசாத்தான் சார் செஞ்சேன். அழிஞ்சு போச்சு.”

அவர் சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கலியம்மாள், “எங்கம்மா உன்னைய ஒருநாள் வூட்டுக்குக் கூட்டியாரச் சொன்னுச்சு” என்றாள். அதற்கு மேல் பூங்குழலியால் தாங்க முடியவில்லை.

“அத அழிச்சது நான்தான்டி. எடம் பத்தலன்னு. ஒன்னோடதுன்னு தெரியாது.”

கலியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

“தொறந்து பாத்தியா?”

“பாத்தேன்.”

“வியாழக்கெழம காலையிலயே தெரியுமா?”

“தெரியும்.”

“மூணு நாளு பக்கத்துலயேதான உக்காந்திருந்த?” என்றாள் கலியம்மாள். பிறகு வந்த வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் பூங்குழலி எல்லாவற்றையும், திருச்சி சென்டர் உட்பட, ஒரு தாளில் எழுதி மேடத்திடம் கொடுத்தாள். மேடம் இரண்டு தடவை படித்தார். “மார்க் ஷீட்ட நேத்தே சீல் வெச்சு அனுப்பியாச்சு. இத வெச்சு நான் என்ன பண்றது?” என்று தாளை மடித்து அவளிடமே நீட்டினார். முடிவு வந்தபோது ப்ராஜெக்ட்டில் பூங்குழலிக்கு எண்பத்தாறு, கலியம்மாளுக்கு நாற்பத்தொன்று. மூன்று மார்க் குறைந்ததில் அவளுக்கு முதல் வகுப்பு கைவிட்டுப் போனது.

அந்த வாரமே பூங்குழலி இரண்டு பஸ் மாறி அரும்பாவூர் போனாள். கலியம்மாளின் அம்மா வீரம்மாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீதானா எம்மவளோட உக்காந்து டைப் அடிச்ச புள்ள? வா சாமி, சாப்புடு.”

அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது புரிந்தது. கலியம்மாள் எதிரே உட்கார்ந்து இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். அம்மா சொன்னபோது குழம்பு ஊற்றினாள். பூங்குழலி அந்த அம்மாவுக்காக இலையை மிச்சமில்லாமல் வழித்தாள்.

பஸ் நிறுத்தம் வரை கலியம்மாள் கூடவே வந்தாள்.

“மேடத்துகிட்ட எழுதிக் குடுத்தேன்டி” என்றாள் பூங்குழலி. “வாங்கிக்கல.”

“ம்.”

“அம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அதுவும் மூணு நாளு தூங்காது.” தூரத்தில் வண்டி தெரிந்தது. கலியம்மாள் கை நீட்டி அதை நிறுத்தினாள். “இனிமே வராதடி. வந்தா நான் நல்லாப் பேசணும்னு அம்மா நெனைக்கும். என்னால முடியாது.”

பூங்குழலி தலையாட்டிவிட்டு ஏறினாள். பெண்கள் பக்கம் இடம் காலியாக இருந்தும் பெரம்பலூர் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே போனாள்.