மேல்நோக்கி வைத்த தகடு

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், சாலம்மாளின் ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் காட்டில் மட்டும் போன ஆவணியிலிருந்து சூரியன் மேற்கே உதிக்கிறது. காலை ஆறு மணிக்குக் கல்வராயன் மலைமேல் ஏறி, பகல் முழுக்க அந்தப் பக்கமே நின்று, மாலையில் ஏறிய இடத்திலேயே இறங்கிவிடுகிறது. வரப்புக்கு அடுத்த பக்கம், தர்மன் காட்டில், வழக்கம்போலக் கிழக்குதான்.

எல்லாம் ஒரு காகிதத்தால் வந்தது. டீசல் இன்ஜினை ஒப்படைத்தால் சோலார் பம்ப் என்று திட்டம் வந்தபோது ஊரில் முதலில் தலையாட்டியவள் சாலம்மாள். பதினெட்டு வருடம் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு அலைந்து, புகையில் இருமியவள். இன்ஜினை லாரியில் ஏற்றிப் போனார்கள். சோலார் தகடு மாட்ட வந்த வெற்றிவேலின் காகிதத்தில் ‘தகடு மேல்நோக்கி இருத்தல் வேண்டும்’ என்று இருந்தது. எழுதிய புண்ணியவான் வானத்தைச் சொன்னார். எங்கள் பக்கம் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. “மேலன்னா மலப் பக்கங்க்கா,” என்று வெற்றிவேல் தகட்டை மலையைப் பார்க்க நிமிர்த்தி, சிமெண்டும் போட்டுவிட்டான். வேடிக்கை பார்த்த ஏழு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சாலம்மாளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரை நொந்துகொள்வது?

மலையைப் பார்த்த தகட்டில் உச்சி சாய்ந்த பிறகுதான் வெயில் விழும், நாலு மணிக்கே மலை அதை மறைத்துவிடும். அதற்குள் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் குழாய் கொடுத்த தண்ணீர் நாலு பாத்திக்குக்கூடப் போதவில்லை. மரவள்ளி இலை மஞ்சளாகித் தொங்கியது. மாற்றி இறைக்க இன்ஜினும் கையில் இல்லை. பதினோரு திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். ஆதார் நகல் கேட்டார்கள், பிறகு தகட்டின் போட்டோ, பிறகு தகட்டோடு அவளும் நிற்கும் போட்டோ. கடைசியில் பதில் வந்தது: ‘ஆய்வு செய்யப்பட்டது. தகடு விதிப்படி மேல்நோக்கியே உள்ளது.’

அன்று சாலம்மாள் தகட்டின் முன் நின்று, இன்னாரை என்று இல்லாமல், இருபது நிமிடம் திட்டினாள். அதை அச்சில் ஏற்ற முடியாது. மறுநாள் காலை சூரியன் மலைப் பக்கமிருந்து வந்தது. திட்டு யாருக்கோ உறைத்திருக்கிறது, ஆபீசுக்கு மட்டும்தான் உறைக்கவில்லை. பம்ப் காலையிலிருந்து மாலைவரை இறைத்தது. பத்து நாளில் மரவள்ளி தலை நிமிர்ந்தது.

ஒரு வருடம் கழித்து, போன வாரம், சோலார் தகடு தெற்கு பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம், அதைத் திருப்பச் சொல்லும் உத்தரவோடு ஒரு அதிகாரி வந்தார். சாலம்மாள் மண்வெட்டியோடு தகட்டுக்கு முன்னால் நின்றாள்.

“சூரியனே ஒத்துக்கினு இந்தப் பக்கம் வந்துடுச்சி சார். நீங்க இன்னாத்துக்குத் திருப்புறீங்க?”

அதிகாரி தன் நிழலைப் பார்த்தார். வரப்பைத் தாண்டித் தர்மன் காட்டில் நின்று பார்த்தார், திரும்பி வந்தும் பார்த்தார். படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்துகொண்டு, “இத எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?” என்றார்.

“எதுல வேணா எழுதிக்கங்க. மொதல்ல வாய்க்கால வுட்டு ஏறுங்க சார், தண்ணி வருது.”