சீராக இல்லாத சிவப்பு

வீரபாண்டிச் சாயப்பட்டறைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துணியின் நிறம் ஒரு பொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் பேசிச் சமாளித்துவிடலாம். திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்த துணிக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. பூங்குழலி பி.எஸ்ஸி. முடித்த கையோடு அப்படியொரு பட்டறையின் லேபில் சில வருடம் வேலை பார்த்தவள். வெளிநாட்டுக் கம்பெனி கேட்ட நிறத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளில் தோய்த்து, விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஒப்பிட்டு, சீராகப் பிடித்த துண்டை மட்டும் அனுப்பி வைப்பாள். திட்டு விழுந்ததைக் குப்பைக் கூடையில் போட யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கை தானாகவே போட்டுவிடும்.

பிறகு மேலே படித்துப் பல்லடம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளரானாள். பயோடெக்னாலஜி என்று போர்டு மாட்டினால் போதும், பிள்ளைகள் வந்து குவிந்த இரண்டாயிரத்து ஆறாம் வருடம். பாடம் நடத்திய நேரம் போக மிச்சத்தில் முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தாள்.

ஆய்வு, ரொட்டியை உப்ப வைக்கிற அதே ஈஸ்டைப் பற்றியது. ஈஸ்ட் செல்லுக்குள் மரபணு இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், கோனில் நூல் சுற்றியது போலச் சுற்றியிருக்கிறது. சர்-2 என்றொரு நொதி, ஹிஸ்டோன்களில் ஒட்டியிருக்கும் சிறு வேதிக் கூறுகளைக் கழற்றிவிடும். கழற்றிய இடத்தில் சுற்று இறுகும். அங்கிருக்கும் மரபணு வாயை மூடிக்கொள்ளும். அது மூடியிருக்கிறதா, பேசுகிறதா என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. நிறத்தோடு சம்பந்தப்பட்ட மரபணு ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். அது வாய் மூடினால் தட்டில் வளரும் காலனி, அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய ஈஸ்ட் பொட்டு, சிவக்கும். பேசினால் வெள்ளையாகவே இருக்கும்.

நொதியில் ஒரே ஓர் இடம் மாறிப்போன ஈஸ்ட் ஒன்று பூங்குழலியிடம் இருந்தது. அதை வளர்த்தால் காலனிகள் வெள்ளை வெளேரென்று வந்தன. அந்த ஓர் இடம் கெட்டால் நொதி முழுக்கச் செத்துவிடுகிறது என்று ஓர் அத்தியாயமே எழுதி முடித்துவிட்டாள்.

அதே ஈஸ்டைத்தான் எம்.எஸ்ஸி. மாணவி ஆஷாவுக்கு ப்ராஜெக்ட் என்று கொடுத்தாள். ஆஷாவின் அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து, பனியன் கம்பெனியில் டெய்லர்களாக இருப்பவர்கள். இரண்டு பேரும் தைத்துத் தைத்து மகளைக் கல்லூரிவரை கொண்டுவந்திருந்தார்கள். அவள் தட்டுகளிலோ பாதிக் காலனிகளில் வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கீற்று, சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கீற்று. திரும்பச் செய்யச் சொன்னாள் பூங்குழலி. திரும்பவும் அதே கோலம்.

"காத்துல வர்ற சிவப்பு ஈஸ்ட் கலந்திருக்குது. இது கூடத் தெரியலையா?" என்று வகுப்பு மொத்தமும் பார்க்க, தட்டைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்.

"நான் ஒழுங்காத்தான் செஞ்சேன் மேடம். காத்துல எதுவும் வந்து விழாம, ஸ்பிரிட் விளக்குப் பக்கத்துல வச்சுத்தான் எடுத்தேன்."

"எனக்கு வராதது உனக்கு மட்டும் எப்படி வருது? நீ தொட்ட பிளேட் எல்லாம் இப்படித்தான் கெட்டுப்போகுது."

கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் சொல்லுக்குக் கோபம் எது, குணம் எது என்று தெரியாது, போய்த் தைத்துவிடும். மறுநாளிலிருந்து ஆஷா வரவில்லை. ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் பட்டமும் இல்லை. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டதாக அவளுடைய தோழிகள் சொன்னார்கள்.

துறைத்தலைவர் தண்டாயுதபாணி நிதானமான மனிதர். எதையும் அவசரமில்லாமல்தான் கேட்பார்.

"ஏனுங்க பூங்குழலி, இன்னும் ரெண்டு வாரத்துல, திங்கக்கிழமை, ப்ராஜெக்ட் செமினாருங்க. அந்தப் புள்ளையோடது ஃபெயில்னு எழுதோணும்னா காரணம் வேணுமில்லீங்களா? கலந்தது எந்த ஈஸ்ட்டுன்னு பாத்துச் சொல்லீருங்களே."

அதிலென்ன கஷ்டம்? ஆஷாவின் தட்டு இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தது. கீற்று விழுந்த காலனி ஒன்றிலிருந்து சிவப்பைத் தனியாகவும் வெள்ளையைத் தனியாகவும் குச்சியால் தொட்டு, இரண்டு புதுத் தட்டுகளில் பரப்பினாள். இரண்டு ஈஸ்ட் கலந்திருந்தால் சிவப்பிலிருந்து சிவப்பு மட்டும் வரும், வெள்ளையிலிருந்து வெள்ளை மட்டும் வரும். கதை முடிந்தது.

காலனிகள் வளர்ந்து நிறம் ஏறியபின் எடுத்துப் பார்த்தாள். சிவப்பைப் பரப்பிய தட்டில் வெள்ளைக் கீற்று. வெள்ளையைப் பரப்பிய தட்டில் சிவப்புக் கீற்று. கலப்படம் எதுவும் இல்லை. ஒரே ஈஸ்ட்தான் இப்படியும் அப்படியும் மாறிக்கொண்டிருந்தது. நொதி சாகவில்லை; குற்றுயிராக இருந்தது. மரபணுவை ஒரு தலைமுறையில் அடக்கும், அடுத்ததில் கோட்டைவிடும், பின்பு எப்படியோ மறுபடி அடக்கிவிடும். காலனி வளர வளர அந்தத் தடுமாற்றம்தான் கீற்றாக விழுந்திருந்தது.

அப்படியானால் அவளுக்கு மட்டும் ஏன் வெள்ளையே வந்தது? நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். வந்ததா, வரவைத்தாளா? ஒவ்வொரு முறையும் தட்டில் சீராக இருந்த வெள்ளைக் காலனியைத்தான் அடுத்த தட்டுக்கு எடுத்திருக்கிறாள். கீற்று விழுந்ததைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதிகம் விழுந்த தட்டுகளை, கழிவை நீராவியில் அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பியிருக்கிறாள். யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. சாயப்பட்டறையில் பழகிய கண், சீராக இல்லாதது எல்லாம் கழிவு என்று தானே முடிவு கட்டிக்கொண்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவள் கண் ஒரு படி மேலே போய், மஞ்சளாக இல்லாததைப் பார்க்கவே மறுத்திருக்கிறது.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் தன் பழைய ஈஸ்டையே புதிதாகப் பரப்பி, இந்த முறை ஒரு காலனியைக்கூட ஒதுக்காமல் எண்ணினாள். ஆஷாவுக்கு வந்தது அப்படியே வந்தது.

விஷயம் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு மூடியைத் திருகினால் அத்தியாயம் பிழைத்துவிடும், அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோகிளேவ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவற்றைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆஷா வேலை பார்த்த கம்பெனியில் டீ இடைவேளை. அவள் வாசல் கேட்டுக்கு வெளியே வந்தாள். பூங்குழலியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பூங்குழலி இரண்டு தட்டுகளையும் நீட்டினாள். "இது உன் பிளேட்ல சிவப்புலிருந்து எடுத்தது. இது வெள்ளையிலிருந்து எடுத்தது."

ஆஷா வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். "மேடம், வெள்ளையிலயிருந்து திரும்பச் சிவப்பு வந்துருக்குல்லா! அப்ப அந்த நொதி வேல செய்யுது. விட்டு விட்டுச் செய்யுது."

"ஆமாம் கண்ணு. நீ செஞ்சது சரி. தப்பு என்னுது."

சிரிப்பு நின்றது. ஆஷா தட்டுகளை மெதுவாகத் துணியில் சுற்றினாள். "அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது சொன்னீங்க மேடம்."

"திங்கக்கிழமையும் எல்லாரும் இருப்பாங்க. வா."

திங்கட்கிழமை ஆஷா பேசும் முன்பே பூங்குழலி எழுந்து நின்றாள். அந்தத் தட்டுகள் கெடவில்லை என்றும், கீற்று விழுந்த காலனிகளை ஒதுக்கியது தான்தான் என்றும், ஆஷாவைப் பேசியது அநியாயம் என்றும் சொன்னாள்.

"அத்தியாயம் போகுதுங்களே?" என்றார் தண்டாயுதபாணி.

"போகட்டுங்க சார். பொய்யா எழுதுனது போனாப் போகுது."

ஆஷா பேசினாள். திக்கித் திணறி ஆரம்பித்துப் போகப் போக நன்றாகவே பேசினாள். கேள்விகளுக்கும் பதில் இருந்தது. "புள்ளை தேறிருச்சுங்க" என்று தலைவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

எல்லாம் முடிந்து லேபில் தட்டுகளை அடுக்கும்போது ஆஷா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், இன்னைக்குக் காலையில அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான்தான் டிபன் கட்டிக் குடுத்தேன்."

இதை எதற்குச் சொல்கிறாள் என்று புரியாமல் பூங்குழலி நிமிர்ந்தாள்.

"நீங்க அப்படிச் சொன்ன நாள்லருந்து கட்டல. நான் தொட்டா கெட்டுப்போயிருமோன்னு ஒரு பயம். அம்மாதான் வெள்ளன எந்திரிச்சுக் கட்டிட்டுப் போவாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்து நீட்டினாள். பூங்குழலி அதை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தாள். திரும்பினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால் கதவைத் திறந்து வைத்தபடியே, முகத்தில் குளிர்க்காற்று அடிக்க, வெகுநேரம் அப்படியே நின்றாள்.