தேவதைபுரிக்கு வந்த வேன்

ஐஸ் பெட்டியின் ஒயர் சுவரிலிருந்த பிளக்குக்கு எட்டுமா எட்டாதா என்று ஆட்கள் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆண்டாள் அன்றைக்கான முதல் சண்டையைத் தொடங்கிவிட்டாள். எதிரில் நின்றவன் மகன் தமிழரசன். கையில் போன்.

"யாருக்குடா போடுற?"

"அத்தைக்கும்மா. பிரம்மதேசத்துக்கு."

"அவளுக்கு ரிங்கு போச்சுன்னா நானும் இந்தப் பெட்டியில ஏறிப் படுத்துக்குவேன். ரெண்டு பேரையும் ஒண்ணாத் தூக்கிக்கினு போ."

பெட்டிக்குள் ராஜாங்கம் ஏற்கெனவே படுத்திருந்தார். இன்னொரு ஆளுக்கு அதில் இடமில்லை. ஆனால் ஆண்டாள் நினைத்தால் இடம் பண்ணிக்கொள்வாள் என்பது பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா. போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"அப்பாவுக்குக் கூடப் பொறந்தது அது ஒண்ணுதான். நாளைக்கு ஊரு என்னைத்தான் கேக்கும்."

"எங்கம்மா வேணாம்னுட்டாங்கன்னு சொல்லு. பொய்யா சொல்லப்போற?"

விஷயம் தாலி. அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவான். மீதியை அவன் தங்கை போடுவாள். புருஷன் செத்தால், பிணம் எடுக்குமுன் அந்தத் தாலியை அவிழ்ப்பதும் முடிச்சுப் போட்ட அதே கைதான். ஆண்டாளுக்கு முடிச்சுப் போட்டவள் நாத்தனார் குப்பம்மாள். அந்தக் கை இன்று தன் பிடரியில் படக்கூடாது. அதற்காகப் பக்கத்து வீட்டு அருக்காணியிடம் சொல்லிவைத்தாயிற்று. அவளும் தாலியறுத்தவள், சத்தமில்லாமல் அவிழ்த்துக் கொடுத்துவிடுவாள். குப்பம்மாள் காதுக்குச் செய்தி போவதற்குள் சாம்பலே ஆறியிருக்கும்.

ஒரு வாந்தியில் பிறந்த பகை அது. பேத்தியின் காதுகுத்துக்கு மயிலம் போன வேனில், பின்சீட்டில் உட்கார்ந்து வந்த குப்பம்மாள், திண்டிவனம் தாண்டியதும் ஆண்டாளின் அரக்குப் பட்டின்மேல் எடுத்துவிட்டாள். வேண்டுமென்றே எடுத்தாள் என்பது ஆண்டாளின் கட்சி. வேண்டுமென்று அந்த அளவு எடுக்க மனிதரால் ஆகாது என்று வேனில் இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். "முன்சீட்டு குடுத்திருந்தா எடுத்திருப்பேனா?" என்று குப்பம்மாள் கேட்டதோடு பேச்சு நின்றது. "இனிமே அவ மூஞ்சியில முழிச்சா என் பேரு ராஜாங்கம் இல்ல" என்று ராஜாங்கம் மலைமேல் இருக்கிற முருகனுக்கும் கேட்கும்படி சொன்னார்.

ராஜாங்கம் சொல்வதை நம்பக்கூடாது என்பது மரக்காணத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். அவர் வாய் திறந்து புளுகுகிற நாட்களில் பாத்தியில் உப்பு ஒருநாள் முன்னதாகவே பூக்கும் என்று உப்பளத்தில் பேச்சு. அதற்காகவே வேலையாட்கள் அவரைக் கிளறிவிடுவார்கள். சித்திரை வெயிலில் காக்காய் ஒன்று தன் நிழலை அலகில் கவ்வித் தூக்கிக்கொண்டு பறந்ததை அவர் பார்த்திருக்கிறார். நிழல் சுடுமணலில் பட்டால் தீய்ந்துபோகுமாம். ஆண்டாள் மட்டும் அவர் சொன்னதை நம்பினாள். அதாவது, நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றுகிற நாளில்.

ஒரு மாதமாக அந்த வீட்டில் தேவதைபுரிச் சண்டை. சென்னைப் பக்கம், கடற்கரைச் சாலையில் புதிதாக வந்திருக்கிற பார்க் அது. நோட்டீஸ் எப்படியோ ராஜாங்கத்தின் கைக்கு வந்தது. வாயைப் பிளந்த பூதம், மிட்டாயால் கட்டிய வீடு, கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குகிற ராஜகுமாரி எல்லாம் அதில் இருந்தன. விளக்கு வைத்ததும் அவர் நோட்டீசை மடியில் விரித்துக்கொண்டு உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகிறோம் என்பது மட்டும் முதல் நாளே முடிவானது. மற்றதெல்லாம் தகராறு.

"பூதத்து வாய்க்குள்ள பூந்து, வயித்து வழியா சறுக்கிக்கினு வெளிய வரணுமாம்."

"எது வழியா வெளிய?" என்று கேட்டாள் ஆண்டாள்.

"அத நோட்டீஸ்ல போடல."

மருமகள் சத்யப்ரியாதான் செல்போனில் பார்த்துச் சட்டம் பேசினாள். "அத்தை, அங்க பொடவையோட தண்ணியில எறங்க உட மாட்டாங்க."

"நான் பொறந்ததுலேர்ந்து தண்ணியிலதான் கெடக்கறேன். எனக்கு எவன்டி பர்மிசன் குடுக்கறது?"

"வெளிச் சாப்பாடும் உள்ள கொண்டுபோவக் கூடாதாம்."

"மடியில கட்டிக்கினு வருவேன். பூதம் கண்டுபுடிச்சா பூதத்துக்கும் ஒரு வாய்."

"நீங்க வந்தா பூதமே வேலைய உட்டுட்டுப் போயிடும்" என்று சத்யப்ரியா அடுப்பங்கரைக்குள் போய்ச் சொன்னாள். அடுப்பங்கரையில் சொன்னது கூடத்தில் கேட்கும்படி கட்டப்பட்ட வீடு அது. அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஆண்டாளுக்குச் சறுக்கல் வேண்டாம், மிட்டாய் வீடு வேண்டாம். அவள் கேட்டது முன்சீட்டு. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் போன வண்டிகளிலெல்லாம் முன்சீட்டில் ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்து வந்தார். அவர் இல்லாவிட்டால் ஒரு குத்துவிளக்கு வந்தது. "இந்த வாட்டி உனக்குத்தான்" என்று ராஜாங்கம் அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். அது அவள் நம்புகிற நாளாக அமைந்துவிட்டது.

"அப்புறம் இந்தப் பொண்ணப் பாக்கணும்" என்று கண்ணாடிப் பெட்டிப் படத்தைக் காட்டினாள். "எத்தினி நாளா தூங்குதாம்?"

"பல வருசமாம். யாராலயும் எழுப்ப முடியலியாம். நான் எழுப்பறேன் பாரு. நம்ம உப்பு ஒரு கல்லு போதும்."

"போய்யா."

"எங்க அப்பாரு செத்துப் பெட்டியில போடச் சொல்லோ, நாக்குல ஒரு கல்லு உப்பு வெச்சேன். எந்திரிச்சு ஒக்காந்தாரு. சப்பிப் பாத்துட்டு, 'இது நம்ம அளத்து உப்பு இல்லியேடா'ன்னாரு. மறுபடியும் படுத்துக்கினாரு. அவசரத்துல பக்கத்து அளத்து உப்ப எடுத்தது என் தப்பு."

நேற்றுச் சாயங்காலம், ஒரு பாத்தியை மட்டும் வாரிவைத்துவிட்டு வருகிறேன், நாளைக்கு டூர் போய்விட்டால் உப்பு கோபித்துக்கொள்ளும் என்று சொல்லிப் போனவர், வாரி முடித்து வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சாய்ந்தார். சட்டைப்பையிலிருந்த போன் பாத்தித் தண்ணீரில் விழுந்து, அவருக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ அதுவும் போய்ச்சேர்ந்தது. டூருக்குப் பேசிவைத்த வேன் டிரைவரின் நம்பர் அந்தப் போனில்தான் இருந்தது. வேனை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை.

ஆகவே வேன் வந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய நேரம். முன்கண்ணாடியில் பலூன் கட்டி, உள்ளே பாட்டுப் போட்டு, தெருமுனையில் திரும்பிற்று. வாசலில் பந்தலும் கூட்டமும் மேளமும் இருப்பதைப் பார்த்து, டூருக்கு இவ்வளவு பெரிய வழியனுப்பலா என்று டிரைவர் இரண்டு ஹாரன் அதிகமாகவே அடித்தான். முன்சீட்டில் பச்சைப் பட்டு கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, மடியில் புளிச்சோற்றுத் தூக்கோடு குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கும்போதே சண்டைக்கு முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். "எங்கடா எங்கண்ணன்? அம்மாம் கெஞ்சிக் கூப்டுட்டு வாசல்ல வந்து நிக்க வேணாமா?"

கூட்டம் தானாக விலகிற்று. குப்பம்மாள் பெட்டியைப் பார்த்தாள். கிட்டே போய், கண்ணாடிமேல் படிந்த பனியைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். தலைப்பூவைப் பிய்த்துக் கீழே போட்டாள். டிரைவர் பாட்டை நிறுத்தினான்.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம், அத்தை" என்றான் தமிழரசன்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு யாரு சொன்னீங்க?" கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "வேன்தான் கொண்டாந்து காட்டிச்சு."

"ஒன்ன யாரு கூப்ட்டது இங்க?" என்றாள் ஆண்டாள்.

டிரைவருக்கு யாருக்குப் பயப்படுவது என்று தெரியவில்லை. எல்லாருக்கும் பொதுவாகப் பயந்து சொன்னான். "அய்யாதாம்மா. பிரம்மதேசம் போயி இவங்கள மொதல்ல ஏத்திக்கினு வரச் சொன்னாரு. முன்சீட்டு இவங்களுக்கு, பின்னால ஒக்காந்தா வாந்தி வரும்னாரு. கடைசி சீட்டு அவருக்கும் ஊட்டுக்காரம்மாவுக்கும். கேட்டா நான் சமாளிச்சிக்கறேன்னாரு."

ஆண்டாள் பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள். பிணத்தோடு இவ்வளவு கோபமாக ஒருத்தி பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

"தலையில கை வெச்சு சொன்னியேய்யா. என் தலையில. வா, எந்திரிச்சு வந்து சமாளி."

ராஜாங்கம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்த முதல் சண்டை அதுதான்.

பெரியவர்கள் நேரமாகிறது என்றார்கள். தாலி இறக்க அருக்காணியைக் கூப்பிட்டால், அவள் வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டாள். "முடிச்சு போட்ட கை வாசல்ல நிக்கச் சொல்லோ நான் எப்பிடித் தொடுவேன்? எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

எல்லாரும் குப்பம்மாளைப் பார்த்தார்கள். அவள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் டூருக்கு வந்தவ. சாவுக்கு என்னை யாரும் கூப்படல. கூப்படாத ஊட்டுல நான் எதுக்கு அவுக்கணும்? புளிச்சோறு வேணும்னா சொல்லுங்க, போடறேன்."

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை. கூப்டுடும்மா" என்றான் தமிழரசன்.

ஆண்டாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரைக் கிட்டே விடக்கூடாது என்று ராத்திரியெல்லாம் காவல் இருந்தாளோ, அவள் கிட்டே வரமாட்டேன் என்கிறாள். அவள் வராமல் அவரை எடுக்க முடியாது. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து டீ குடித்தார்கள். மாலையில் இருந்த சாமந்தி வாடத் தொடங்கிற்று. பெட்டி மட்டும் உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஆண்டாள் எழுந்தாள். நேராகக் குப்பம்மாளின் சேருக்கு முன்னால் போய், முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள்.

குப்பம்மாள் அந்தப் பிடரியைப் பார்த்தாள்.

"இப்பக்கூட வாயத் தொறந்து கூப்பட மாட்ட, அண்ணி."

"ஒன்னக் கூப்பட எனக்கு வாயில்ல. கழுத்துதான் இருக்குது."

தூக்கு தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. விரல்கள் பிடரியில் பட்டன. கரடுமுரடான, சூடான விரல்கள். அளத்து வியர்வையும் உப்புக் காற்றும் ஏறி முடிச்சு கல்லாகக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள், அசையவில்லை.

"அன்னிக்கு இறுக்கிப் போட்டுட்டேன்" என்றாள் குப்பம்மாள்.

"அன்னிக்கே வலிச்சுது."

குப்பம்மாள் குனிந்து பல்லால் கடித்தாள். அவள் மூச்சு ஆண்டாளின் கழுத்தில் அனலாகப் பட்டது. முடிச்சு தளர்ந்தது. அதோடு ஏதோ ஈரமாகப் பிடரியில் சொட்டிற்று. ஒன்று, பின்னும் ஒன்று. ஆண்டாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த வாட்டியும் என் மேலதானா?"

"முன்சீட்டுலதான் ஒக்காந்து வந்தேன்" என்றாள் குப்பம்மாள். "வழியில ஒண்ணும் ஆவல."

தாலி பால் சொம்புக்குள் போயிற்று. பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். உள்ளிருந்து பனிப்புகை எழுந்தது. ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். ஆண்டாளின் முறை வந்தபோது சத்யப்ரியா அரிசித் தட்டை நீட்டினாள். ஆண்டாள் அதைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நேற்று அவரை வரப்பிலிருந்து தூக்கும்போது எடுத்து முடிந்துகொண்ட உப்புக்கல்லை, அவர் உதட்டு இடுக்கில் வைத்தாள்.

"அத்தை, இன்னா பண்றீங்க?"

"கம்முனு இரு" என்று மருமகளை அதட்டியது குப்பம்மாள். பிறகு ஆண்டாளிடம் கேட்டாள். "எந்த அளத்து உப்பு அது?"

"நம்முளுது. நேத்து அவரு வாரினது."

"அப்ப சரி."

இரண்டு பேரும் பெட்டியின் இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள். பாடை கட்டியவர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். நகரச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"இன்னா பாக்கற?" என்றாள் ஆண்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

பனிப்புகை கலைந்தது. ராஜாங்கத்தின் உதட்டில் உப்புக்கல் கரையாமல் இருந்தது.