புகார்தாரர் இருக்காரா?

தெருமுனையில் சாக்கடையை மூடியிருந்த சிமென்ட் பலகை உடைந்து கிடந்தது. அதில் கால் சிக்கி அம்மாவுக்குக் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடு அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே அப்பா நகராட்சிக்குப் புகார் அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது: 'பணி நிறைவடைந்தது.' போய்ப் பார்த்தார். பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே இருந்தது. மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். மூன்றாவது முறையும் அதே.

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஹாரன் அடித்தும் நகராதவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒரு கரும்பலகை வாங்கி வந்து வாசல் கேட்டில் மாட்டினார். 'நகராட்சி மூடிவிட்டதாகச் சொல்லும் பள்ளம் இன்றும் திறந்தே இருக்கிறது. நாள் 1.' அதன்பின் தினமும் பல் தேய்த்த கையோடு எண்ணை மட்டும் மாற்றினார். பதினெட்டாம் நாள் யாரோ அதைப் படம் எடுத்து இணையத்தில் போட, ஊரே பார்த்தது.

சங்கடம் என்னவென்றால், அவருடைய ஒரே மகள் வேலை பார்ப்பது அதே நகராட்சியில். அதுவும் புகார்ப் பிரிவில்.

"ஆபீஸ்ல தலை காட்ட முடியலப்பா," என்றாள் அவள், சாப்பிட உட்கார்ந்தபோது.

"நான் உன்னையா சொன்னேன்? நகராட்சியைச் சொன்னேன்."

"நகராட்சின்னா யாருப்பா? நான்தான்."

"அப்போ நீயே வந்து மூடு."

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "என் காலை வச்சு ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. வலி எனக்கு."

மறுநாள் பொறியாளர் மகளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அவர் உங்க அப்பாவாமே? பக்குவமா ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"சரி சார்," என்று இருக்கைக்குத் திரும்பியவள், அப்போதுதான் முதல்முறையாக அந்தப் புகாரைத் திறந்தாள். வேலையை முடித்ததற்கு அடையாளமாக ஒப்பந்தக்காரர் ஒரு படம் சேர்த்திருந்தார். புத்தம் புதுச் சிமென்ட் பலகை. பின்னால் செங்கல் சுவர். அவர்கள் தெருமுனையில் செங்கல் சுவரே கிடையாது. தையல்கடையின் பச்சை ஷட்டர்தான் உண்டு. இரண்டாவது புகாரிலும் அதே படம். மூன்றாவதிலும். தேடத் தேட, அதே படத்தை வைத்து முடிக்கப்பட்ட வேறு புகார்கள் பத்து கிடைத்தன. அவற்றில் நான்கை முடித்து வைத்தவள் அவளே. படம் இருக்கிறதா என்று பார்த்திருந்தாள், படத்தைப் பார்க்கவில்லை.

பொறியாளரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினார்.

"நானும் நேர்ல போகாமத்தான் கையெழுத்துப் போட்டேன். சரி, 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரு பதில் அனுப்பிடுவோம்."

"அது பொய் இல்ல சார். ஆனா பதிலும் இல்ல."

அவளே ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"அப்பாங்கிறதால எழுதலையே?"

"வேற யாரா இருந்தாலும் இதைத்தான் சார் எழுதணும். ஆனா அப்பாவா இல்லேன்னா நான் அந்தப் படத்தைத் திறந்தே இருக்க மாட்டேன். அதான் வெட்கமா இருக்கு."

அவர் கையெழுத்துப் போட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டையோடு, மகள் சொந்த வீட்டின் அழைப்பு மணியை அடித்தாள். அப்பா எட்டிப் பார்த்தார்.

"சாவியை மறந்துட்டியா?"

"நகராட்சியிலேர்ந்து வர்றேன். புகார்தாரர் இருக்காரா?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து நிமிர்ந்து நின்றார். "நான்தான். சொல்லுங்க."

தையல்கடைக்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உரக்கப் படித்தாள். "உங்கள் புகார் மூன்று முறையும் தவறாக முடித்து வைக்கப்பட்டது. பள்ளம் மூடப்படவில்லை. நீங்கள் சொன்னதே உண்மை. கவனிக்கத் தவறினோம். மன்னியுங்கள். ஐந்து நாட்களுக்குள் புதிய பலகை போடப்படும்."

அப்பா பேனா வாங்கி, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்துப் போட்டார். நகலைத் திருப்பிக் கொடுக்காமல் 'கவனிக்கத் தவறினோம்' என்ற வரியின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"நானும்தாம்மா தவறிட்டேன்," என்றார் மெதுவாக. "அன்னைக்கு நான் ரெண்டு எட்டு முன்னால, ஏதோ பேசிக்கிட்டே போயிட்டிருந்தேன். அவ பதிலே சொல்லலையேன்னு திரும்பினா, கீழ கெடக்கா. இதை யார்கிட்டப் புகார் பண்றது? அதான் பலகையில எழுதிக்கிட்டே இருந்தேன்."

மகளுக்கு அதிகாரி வேடம் அதோடு கலைந்தது. அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "நகராட்சிக்காரங்க போயிட்டாங்களா? போகலைன்னா டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

நான்காம் நாள் பலகை வந்தது. பொறியாளரே வெயிலில் நின்று போட வைத்தார். முதலில் ஒரு விரற்கடை உயர்ந்துவிட, "இதுல தடுக்கி இன்னொரு காலும் போகணுமா?" என்று அம்மா ஜன்னலிலிருந்து கேட்டாள். பெயர்த்துச் சரியாக வைத்தார்கள். ஒப்பந்தக்காரருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. கரும்பலகையை அப்பா கழற்றித் தையல்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

மீதிப் பத்துப் புகார்களுக்கும் மகள் கடிதம் எழுதி, அலுவலக நேரம் முடிந்த பிறகு வீடு வீடாகத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெண்மணி தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, அரைமணி நேரம் திட்டினாள்.

அன்று அவள் வந்து நாற்காலியில் சாய்ந்தபோது, அம்மா, "எத்தனை ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஏழு. இன்னும் மூணு இருக்கு."

அப்பா வாளியில் வெந்நீர் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் தன் விரலை விட்டுப் பார்த்தார்.