மேகம் இறங்கினால் தாழ்வான ஆட்டம்

விமானக் கொட்டகைக்குப் பின்னால் மனைவி கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். வலது உள்ளங்கைதான் விமானம். அது ஏறியது, கவிழ்ந்தது, ஒருக்களித்தது; உடம்பும் கூடவே சாய்ந்தது. பறப்பதற்கு முன் ஆட்டம் முழுவதையும் தரையில் ஒருமுறை இப்படி நடந்து பார்ப்பது சாகச விமானிகளின் வழக்கம். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் ஐயோ பாவம் என்பார்கள். அன்றைக்கு இரண்டு ஐயோ பாவங்கள். அவளுக்குப் பின்னால் அதே மாதிரி கையை ஆட்டிக்கொண்டு, அதே மாதிரி சாய்ந்துகொண்டு கணவனும் நடந்தான். அவன் ஆட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

அவன் அந்த விமானக் காட்சியின் வர்ணனையாளன். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் வாய் ஓயாது. வானத்தில் ஒன்றுமே இல்லாத நேரத்திலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டு வைப்பான். ஆனால் மனைவி பறக்கும்போது மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மைக்கைத் துணை வர்ணனையாளரிடம் தள்ளிவிட்டு, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பறந்து அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவ்வளவு பயம். இன்று பார்த்துத் துணை வர்ணனையாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“அந்த நேரத்துக்கு மட்டும் பாட்டைப் போட்டுடலாமே,” என்று காலையிலேயே கெஞ்சிப் பார்த்தான். காட்சி மொத்தத்துக்கும் பொறுப்பான அம்மாளை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மசியவில்லை.

“ஊர்ல இருக்கற விமானிக்கெல்லாம் வாய் கிழியப் பேசறீங்க. வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் பாட்டா? அவங்க மனசு என்ன பாடுபடும்?”

அதற்குத்தான் இந்த மனப்பாடம். பார்க்காமலே பேசிவிடலாம் என்பது அவன் திட்டம்.

மனைவி நின்று கண்ணைத் திறந்தாள். “கடைசியில தலைகீழா வந்து உங்க மேடையைப் பாத்துக் கை காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் காட்டறேன். உங்க உச்சந்தலைதான் தெரியுது.”

“இன்னைக்குப் பாக்கறேன்.”

“பாத்துக் கிழிச்சீங்க,” என்று சிரித்துவிட்டு விமானத்தைப் பார்க்கப் போனாள். சிரித்தாளே தவிர, முகத்தில் ஏதோ குறைந்தது. அவனுக்குச் சுருக்கென்றது.

அவள் முறை வந்ததும் மேடையில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எஞ்சின் இரைச்சல் எழும்பியது. வலது கை தானாக முன்னே நீண்டது.

“இதோ, செங்குத்தா ஏறறாங்க! இன்னும் மேலே! உச்சியில ஒரு நொடி நின்னு, அப்படியே ஒரு குட்டிக்கரணம்! பாருங்க, பாருங்க!”

கூட்டம் கழுத்தொடிய அண்ணாந்து பார்த்தது. மேலே சாம்பல் நிற மேகம்தான் இருந்தது. யாரோ சிரிக்க, சிரிப்பு வேலி நெடுகப் பரவியது. வர்ணனைக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்து அவன் குரலை இன்னும் உயர்த்தினான்.

பாஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “கண்ணைத் தொறங்க சார்! மேகம் இறங்கி எவ்வளவு நேரமாச்சு! அவங்க தாழ்வான ஆட்டம் ஆடறாங்க.”

மேகம் இறங்கினால் குட்டிக்கரணம் கிடையாது. தரையையொட்டி உருண்டும் ஒருக்களித்தும் பறக்கிற வேறு ஆட்டம்தான். விமானிகள் இரண்டையும் பழகி வைத்திருப்பார்கள். எத்தனை காட்சிகளில் அவனே இதைக் கூட்டத்துக்கு விளக்கியிருக்கிறான்! மனப்பாடம் செய்த மும்முரத்தில் மேகத்தைக் கோட்டை விட்டுவிட்டான். இனி கண்ணை மூடினால் பேச ஒரு சொல் இல்லை.

ஒரு கண்ணைத் திறந்தான். சிவப்பு விமானம் ஒருக்களித்தபடி ஓடுபாதை நெடுகப் போய்க்கொண்டிருந்தது. பழக்கத்தில் தலை செருப்பை நோக்கிக் குனியப் போனது. ஆனாலும் பார்த்தான். தூங்குகிற குழந்தையை அறை மாற்றிப் படுக்க வைப்பவளின் நிதானம் அதில் இருந்தது. அட, இதையா இத்தனை நாள் பார்க்காமல் இருந்தோம் என்று ஆற்றாமையாக இருந்தது. இன்னொரு கண்ணும் திறந்துகொண்டது.

“இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க,” என்றான் மைக்கில். “கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். அது என் பொண்டாட்டி. நானும் இப்பதான் முதல் தடவையா பாக்கறேன்.”

மைதானமே விசிலடித்தது. அவன் கழுத்து விமானத்தோடேயே திரும்பித் திரும்பிப் போனது.

கடைசியில் அவள் தலைகீழாக வந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சின்னக் கை அசைந்தது. அவன் எம்பி எம்பி, இரண்டு கைகளையும் வீசினான். ஒரு கையில் மைக் இருந்தது. மைதானத்தின் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் உஸ், உஸ் என்று காற்று வீசியது.