கண்ணாடியில் ஆரஞ்சு

விடிய விடிய சிமெண்டு ஆலையில் ஷிப்டு பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்து நின்றான் மணிவேல். "செல்வி, நீங்கள்லாம் போயிட்டு வாங்களேன். நான் செத்த படுக்கறேன்."

வெற்றிச்செல்விக்குச் சுருக்கென்றது. சேர்ந்து ஊர் சுற்றும் பெரம்பலூர் பைக் கூட்டத்துக்கு வழிகாட்டியாக அவள் முதல் வண்டியில் போகும் முதல் ஞாயிறு அது. "இன்னைக்குன்னு பாத்துத்தான் ஒங்களுக்குத் தூக்கம் வருமா? படுங்க, நல்லா படுங்க!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், மனுஷன் முகத்தைக் கழுவிக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்துவிட்டான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வண்டிக்காரர் ஆரஞ்சுக் கோட்டு போட வேண்டும். முதல் வண்டியின் கண்ணாடியில் ஆரஞ்சு தெரிந்தால் எல்லாரும் பத்திரமாக வருகிறார்கள் என்று அர்த்தம். தெரியாவிட்டால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். அன்றைக்குக் கடைசி வண்டி மணிவேல்; அவனுக்குக் கோட்டை அவளே மாட்டிவிட்டாள். திருமழபாடிக்குப் போய் சாமி கும்பிட்டு, கொள்ளிடக் கரையில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு.

அரியலூர் நெருங்க நெருங்க, சுண்ணாம்புக்கல் லாரிகள் போவதும் வருவதுமாக ஓயாமல் ஓடின. ஒவ்வொன்று கடக்கும்போதும் புழுதி எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. தூங்காத மனுஷனை இழுத்துக்கொண்டு வந்தோமே, நாமெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புழுதி அடங்கியதும் கண்ணாடியைப் பார்ப்பாள். கடைசியில் ஆரஞ்சு தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

கீழப்பழுவூருக்கு முன்னால் அடுத்தடுத்து லாரிகள். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புழுதி. ஆரஞ்சைக் காணவில்லை. வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டே போனாள். நிறுத்திவிடலாம் என்று அவள் கையைத் தூக்கப்போன நேரம், ஆரஞ்சு வேகமாக வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் ஆடாமல் அசையாமல் நேராக வந்தது. அப்பாடா, தூக்கம் தெளிந்துவிட்டது போல என்று நிம்மதியானாள்.

திருமழபாடிக் கோயிலுக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில் ஆரஞ்சு வந்து நின்றதும் தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். "மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க."

ஹெல்மெட்டைக் கழற்றியது அவள் தம்பி அஜித்குமார்.

"மாமா எங்கடா?"

"பின்னால வராருக்கா. கண்ணு சொக்குதுன்னு வண்டிய ஓரங்கட்டுனாரு. நான் கூட நிக்கிறேன்னேன், கேக்கல. கோட்டக் கழட்டிக் குடுத்துட்டாரு."

"எதுக்குடா குடுத்தாரு?"

"ஆரஞ்சு தெரியலன்னா ஒங்கக்கா எல்லாரையும் நிறுத்திப்புடுவா, மொத நாளு ஆசையாப் போறா, நீ போட்டுக்கிட்டுப் போ, பின்னாடியே வந்துர்றேன்னாரு."

மணிவேலுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. வெற்றிச்செல்வி வண்டியைத் திருப்பினாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அஜித்குமாரும் பின்னாலேயே வந்தான்.

திருமானூர் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் ஓயாமல் ஓடிய லாரிகளில் ஒன்றுகூட, ஏன் ஒரு பஸ்கூட, இப்போது எதிரே வரவில்லை. அப்படியென்றால் முன்னால் எங்கேயோ ஏதோ நடந்து, ரோட்டை மறித்து எல்லா வண்டியையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"கடவுளே, அவரு தூங்கிக்கிட்டு இருக்கணும், எங்கயாவது மரத்தடியில படுத்துத் தூங்கிக்கிட்டு இருக்கணும்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியை முறுக்கினாள். கண்ணாடியில் ஆரஞ்சு தெரிந்துகொண்டே இருந்தது.