இரண்டடிச் சுவர்

"சுவத்தோட ஒட்டி வைம்மா. நல்லா அடியில" என்றார் கொத்தனாரான அப்பா.

மகள் குனிந்து, கூடத்து வைஃபையை வாங்கி அடுத்த அறைக்கு அனுப்பவேண்டிய அந்த வெள்ளைப் பெட்டியைச் சுவரோரம் தரையில் வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் போனில் ஒரு சிக்னல் கோடுகூட ஏறவில்லை.

"ஓதம் அடியிலேர்ந்துதானே ஏறும்?" என்று அப்பா விழித்தார். நாற்பது வருஷம் சுவர் கட்டியவர். சுவருக்குள் எது நுழைந்தாலும் ஈரம் போல அடியிலிருந்துதான் ஏறும் என்பது அவர் கணக்கு. இந்த வீட்டையும் அவரேதான் இரண்டடி கனத்தில் கட்டினார். கோட்டையா கட்டுகிறாய் என்று கேலி செய்தவர்களை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் தம்பி கப்பலில் சமையல்காரன். இன்று நாலு மணிக்குத் துறைமுகம் தொடுவான். ஒரு மணி நேரம் பேசலாம். அப்புறம் இருபது நாள் கடல்தான். அம்மாவுக்கு இருபது நாள் இல்லை. காலையில் வந்த நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாக்க வேண்டியவங்க இன்னிக்கே பாத்துடுங்க. அவங்களை மட்டும் அசைக்காதீங்க, வலி தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மாவுக்கோ சாவைவிட இந்த வைஃபை சங்கதிதான் பெரிதாக இருந்தது.

"அது வெயில் மாதிரி நேராப் போகுமா, வாசனை மாதிரி வளைஞ்சு போகுமா?"

"தெரியலம்மா."

"நான் இங்கேர்ந்து கூப்பிட்டா உங்கப்பாவுக்கு என்னிக்காவது கேட்டிருக்கா? கதவுகிட்ட போய்க் கத்தினாத்தான் கேக்கும். அதையும் கதவுகிட்ட கொண்டு வாயேன்."

"எனக்கு எல்லாம் கேக்கும். பதில்தான் சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள், மூச்சு வாங்கியது.

நீள ஒயர் செருகி அறை வாசல் நடுவில் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபோது கோடுகள் மளமளவென்று ஏறின. ஒரு சாண் சுவர்ப் பக்கம் நகர்ந்தாலும், தலைக்குக் கீழே இறங்கினாலும் விழுந்துவிட்டன.

"கொண்டா, நான் பிடிச்சுக்கறேன். செங்கல் தூக்கின கை" என்றார் அப்பா.

நாலு பத்துக்குத் தம்பியின் முகம் வந்தது. "அம்மா! தெரியுதா?"

"தெரியுதுடா. அங்க சுவரு எதுல?"

"இரும்பும்மா."

"இரும்பையும் தாண்டி வருதா?" அம்மாவின் கண் விரிந்தது.

"இல்லம்மா, மேல் தளத்துக்கு வந்துதான் பேசுறேன். இங்க பாரு, கடல்."

அம்மா நெடுநேரம் கடலைப் பார்த்தாள். தம்பி, மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு முளைவிட்ட கதையைச் சொல்லத் தொடங்கினான். கேட்டுக்கொண்டே அவள் கண்ணை மூடினாள். மகள் பிடித்திருந்த கை கனத்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தாள். விரலில் மூச்சு படவில்லை.

"தூங்கிட்டாங்களாக்கா? தூங்கட்டும். நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். திரும்ப எப்ப கிடைக்குமோ."

மகள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அப்பா புருவத்தை உயர்த்தினார். அவள் மெதுவாகத் தலையசைத்தாள்.

கட்டிலுக்கு நாலு எட்டு. அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். போனில் தம்பியின் முகம் உறைந்து, குரல் துண்டு துண்டானது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அக்கா, கேக்குதா? அப்பா எங்க?"

"இங்கதான்டா. வாசல்ல நிக்கிறார். நீ சொல்லு."

தம்பி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். அப்பா கட்டிலையே பார்த்தபடி, வலக்கைக்கு இடக்கையை முட்டுக் கொடுத்து, பெட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.